வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? சட்டம் சொல்வதும் முதலில் செய்ய வேண்டியதும்

பிள்ளையை இனி வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சொன்னதும், "அது சட்டப்படி தப்பில்லையா?" என்றுதான் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பார்கள். வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. இது அதன் 10-ஆவது பிரிவு. சேர்க்காவிட்டால் அபராதம், தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

அனுமதி வாங்கவோ பதிவு செய்யவோ தனி அலுவலகமும் இல்லை. இது வசதியாகத் தோன்றும். ஆனால் பிள்ளை படிக்கிறது என்பதற்கான ஆதாரம் முழுக்க உங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஏற்கெனவே பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் சும்மா நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து டி.சி. வாங்குங்கள், மதிப்பெண் அட்டையையும் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் பதிவில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்) பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் நின்றால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் பெயர் வரும், ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்களிடம் கோபப்பட வேண்டாம். வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து மீட்பதும் இதே கணக்கெடுப்புதான்.

வருகிறவர்களிடம் காட்ட ஒரு நோட்டு வேண்டும். எங்கள் வீட்டில் 200 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி போட்டு இரண்டு வரி எழுதுவோம்: 'ரேஷன் கடை ரசீதை வைத்துக் கூட்டல். முருங்கைப் பூ வரைந்தாள். தமிழ்ப் பாடம் 3 வாசித்தாள், ழகரம் தடுமாறுகிறது.' அவ்வளவு போதும். ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

நடுவில் ஒத்துவரவில்லையா? பயப்படாதீர்கள். அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, பள்ளியிலேயே சேராத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போனதை ஈடுகட்ட சிறப்புப் பயிற்சி பெறவும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

அப்புறம் தேர்வு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளி வழியாக இல்லாமல் நேரடியாக எழுதலாம். பத்தாம் வகுப்புக்குப் பலரும் எடுப்பது மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியை, அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸை. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையென்றால், இந்தப் படிப்பைப் படிக்கும் அளவுக்குக் கற்றிருப்பதாக உறுதிமொழி கொடுத்துச் சேரலாம். குறைந்தது 5 பாடங்கள், தமிழ் வழியும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும், பதிவு 5 ஆண்டுகள் செல்லும். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இரண்டிரண்டாக முடித்தாலும் சரி.

இழப்பையும் பார்த்துவிடுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாம் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் கணக்கில் எடுப்பவை. நடுவில் இரண்டு வருடம் வீட்டில் இருந்தாலே அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். வசதி குறைந்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால், ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.