காலைல கார் ஒரு பக்கம் சாஞ்சிருந்தா உடனே கம்ப்ரஸரை மாத்தாதீங்க

ராத்திரி வேலூர் சத்துவாச்சாரில வீட்டு வாசல்ல நேரா நிறுத்தின ஏர் சஸ்பென்ஷன் சொகுசு கார் காலைல முன்னாடி ஒரு வீல் மேல படுத்துக்கினு இருந்தா, சஸ்பென்ஷனுக்கு காத்து ஏத்துற கம்ப்ரஸர் போச்சுன்னு முடிவு கட்டிடறாங்க. புதுசு போட்டா வண்டி எழுந்துக்கும் தான், ஆனா கொஞ்ச நாள்ல அதுவும் எரியும், ஏன்னா காத்து போற ஓட்டை அப்படியே இருக்கு.

ஏர் சஸ்பென்ஷன்ல இரும்பு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்துல ரப்பர் பெல்லோ, அதாவது மடிப்பு வெச்ச காத்துப் பை, அதுக்குள்ள அழுத்தின காத்து, அவ்ளோ தான், நம்ம ஹைவேல பெங்களூர் போற பெரிய ஆம்னி பஸ்ஸுங்க அடியிலயும் இதே தான் இருக்கு. 2 டன் கார்னா ஒரு வீலுக்கு சுமார் 500 கிலோ, பெல்லோ தாங்குற பரப்பு 100 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க, உள்ள 5 பார் அழுத்தம் வேணும், நம்ம டயர்ல அடிக்கிறதை விட ரெண்டு மடங்கு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, அஞ்சு பேர் ஏறி டிக்கி நிறைய சாமான் வெச்சா வண்டி இறங்கும், ஹைட் சென்சார் அதை கம்ப்யூட்டருக்கு சொல்லும், கம்ப்ரஸர் காத்து ஏத்தும், அழுத்தம் ஏற ஏற ஸ்பிரிங்கோட விறைப்பும் கூடவே ஏறும், அதனால ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் வண்டி குலுங்குற வேகம் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும். சாதாரண இரும்பு ஸ்பிரிங்ல இது வராது.

ஆனா ரப்பர் ரப்பர் தானே. பெல்லோவோட கீழ் மடிப்பு வண்டி ஓடுற நேரம் முழுக்க சுருண்டு விரியுது, அந்த மடிப்புல மண்ணு சேரும், மே மாச வேலூர்ல வெயில் 40 டிகிரி தாண்டும், வருஷக்கணக்குல இப்படி போனா பொடிப் பொடியா வெடிப்பு விடும். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி நிக்கிறதுக்குன்னே செஞ்ச மோட்டார், லீக் இருந்தா ஓடிக்கினே இருக்கும், சூடாகி தேயும். அதோட இருக்கிற ட்ரையர்ல ஈரத்தை இழுக்குற மணிங்க நனைஞ்சு போனா தண்ணி, ஒவ்வொரு வீலுக்கும் காத்தைப் பிரிச்சு விடுற வால்வு பிளாக் வரைக்கும் போய் அதையும் கெடுக்கும்.

நாலு பக்கமும் சமமா சில மில்லிமீட்டர் இறங்கினா பயப்படாதீங்க, பகல் 40 டிகிரில இருந்து ராத்திரி 26க்கு வந்தா காத்தே 4, 5 சதவீதம் சுருங்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினா அது லீக். ராத்திரியும் காலைலயும் வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வெச்சு அளங்க, எந்த மூலைன்னு தெரிஞ்சிடும். அப்புறம் வண்டியை முழு உயரத்துக்கு ஏத்தி சோப்புத் தண்ணி அடிச்சா மடிப்பு விரிஞ்சு நுரை கிளம்பும். பெல்லோ, காத்து பைப் மூட்டு, வால்வு பிளாக் மூணையும் பாக்கணும். காத்தை மட்டும் நம்பி அடியில தலையை விடவே கூடாது, சட்டுனு இறங்கினா ஆளை நசுக்கிடும், வண்டி தானா உயரத்தை மாத்தாம நிறுத்துற ஜாக்கி மோடுல போட்டு ஸ்டாண்டு வெச்சுட்டு தான் போகணும்.

இரும்பு ஸ்பிரிங் மாத்திடலாமான்னு கேக்குறாங்க. 1957ல கேடிலாக் எல்டோராடோ ப்ரோகம்ல ஏர் சஸ்பென்ஷன் வந்தப்பவே லீக் தொல்லை தாங்காம நிறைய பேர் அப்படி மாத்தினாங்க. மாத்தலாம், ஆனா நான் மேல சொன்ன அந்த சுகம் போயிடும், டேஷ்போர்டுல வார்னிங் லைட்டும் எரியலாம். என்னைக் கேட்டா ஓட்டையான பெல்லோவை மாத்துங்க, கம்ப்ரஸர் ரொம்ப ஓடியிருந்தா அதையும், அதுக்கு கரண்ட் விடுற ஸ்விட்சான ரிலேயையும் சேர்த்து மாத்துங்க, ரிலே ஒட்டிக்கிட்டா கம்ப்ரஸர் நிக்காம ஓடி புதுசும் எரியும். வண்டி முழுசா உக்காந்துட்டா மட்டும் பக்கத்துல இருக்கிற பள்ளிகொண்டா வரைக்கும் கூட ஓட்டாதீங்க, பிளாட்பெட் லாரில ஏத்தி அனுப்புங்க.