அப்பாரு காட்டும் வரப்பு

கிழங்கு, ஈரோடு, குங்குமம், தாலிக்கயிறு, காமாலை, மாரியம்மன். இப்படி 12 சொற்களை வாசித்துக் காட்டி, அப்புறம் நினைவிருப்பதை எழுதச் சொன்னால், வாசிக்காத 'மஞ்சள்' சிலர் தாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குப் பெயர் பொய் நினைவு. அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995-ல் வெளியிட்ட இந்த வகைச் சோதனையில், கல்லூரி மாணவர்களே சுமார் 40 சதவீதம் அளவுக்கு இல்லாத சொல்லை எழுதினார்கள்.

கேட்டதன் நுணுக்கம் தனியாகவும், மொத்தத்தில் அது எதைப் பற்றியது என்ற சாரம் தனியாகவும் மூளையில் பதிகின்றன. வயதாக ஆக நுணுக்கம்தான் முதலில் மங்குகிறது. அதைக் கோத்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியும், சரிபார்க்கும் மூளையின் முன்பகுதியும் தளர்வது முக்கியக் காரணம். இன்னொரு சிக்கல், ஒரு தகவல் எங்கிருந்து வந்தது என்பதும் மறந்துபோகிறது. உதாரணமாக, பங்காளிகள் வரப்புத் தகராறில் அப்பாருவை, அதாவது தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். தன் அய்யன் சொல்லக் கேட்டதை, தானே பார்த்ததாக அவர் அடித்துச் சொல்லலாம். பொய்யல்ல, அவருக்கு அது கண்ணில் தெரிகிறது. உடனே 'புத்தி பேதலிச்சுப்போச்சு' என்பது அநியாயம்.

மனநிலையின் கதைதான் எனக்கு வியப்பு. ஸ்டார்பெக்கும் குளோரும் 2005-ல் இசை கேட்கவைத்துச் சிலரைச் சோகமாக்கி, இதே சொல் சோதனையை நடத்தினார்கள். சோகமாக இருந்தவர்களிடம் பொய் நினைவு குறைந்தது! மனம் வாடும்போது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறோம். மகிழ்ச்சியில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறோம். அதற்காகச் சோகம் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வு நோயில், கசப்பான விஷயங்களில் பொய் நினைவு கூடுவதாகவும் ஆய்வுகள் உண்டு.

கேள்வியும் நினைவை வளைக்கும். 1974-ல் லோஃப்டஸும் பால்மரும் கார் மோதும் காட்சிகளைத் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூடுதலாகச் சொன்னார்கள். 'தொட்டபோது' என்றதும் குறைந்தது. முதியவர்கள் இதற்குப் பொதுவாக இன்னும் எளிதில் வளைகிறார்கள்.

ஆகவே, "வேப்பமரத்துக்குக் கிழக்காலதானுங்க அப்பாரு வரப்பு?" என்று கேட்காதீர்கள். "வரப்பு எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தை அதற்கப்புறம் விரியுங்கள்.