லிஸ்ட்டுக்குள் இருந்த ஆதார் எண்கள்

எங்கள் சர்வருக்கு ஜேசனாக (JSON, தகவலை அடுக்கடுக்காக எழுத்தில் அனுப்பும் வடிவம்) வரும் தகவலை, நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக்கில் எழுதும் முன், ஆதார் எண், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நட்சத்திரக் குறிகளாக மாற்ற ஒரு சின்ன ஃபங்ஷன் வைத்திருந்தோம். பைதானில் பன்னிரண்டு வரி. டிக்ஷனரிக்குள் (பெயரும் மதிப்புமாகத் தகவலை வைக்கும் தொகுப்பு) இன்னொரு டிக்ஷனரி இருந்தால் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். எழுதியது நான்தான். பல மாதம் கழித்து வேறு ஏதோ பிழையைத் தேடி லாக்கைப் புரட்டியபோது, ஒரு குடும்பத்தின் ஆதார் எண்கள் முழுசாகக் கண்ணில் பட்டன. குடும்ப உறுப்பினர்கள் லிஸ்ட்டாக வந்திருந்தார்கள். என் ஃபங்ஷனுக்கு டிக்ஷனரி மட்டும்தான் தெரியும்; லிஸ்ட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டது.

இன்டர்வியூவில் கேட்கிற கேள்விதானே என்று, அடுக்கடுக்கான தகவலுக்குள் இறங்கிப் பார்க்கும் இந்த வேலையை நாம் எல்லோருமே கையால் எழுதிவிடுகிறோம். டெஸ்ட்டுக்கும் நாமே இரண்டு அடுக்குத் தகவல் கொடுத்து, சரி என்று விட்டுவிடுகிறோம். வெளியிலிருந்து வரும் தகவல் அவ்வளவு சாதுவாக இருக்காது.

முதலில் ஆழம். பத்தாயிரம் சதுர அடைப்பைத் திறந்து மூடினால் மொத்தம் 20,000 எழுத்துதான், ஒரு சின்னப் படத்தின் அளவுகூட இல்லை. ஆனால் பைதான் ஃபங்ஷன் ஒன்று தன்னையே அழைக்கும் ஆழத்துக்கு இயல்பான வரம்பு 1000. அதைத் தாண்டினால் ரிகர்ஷன் (தன்னையே அழைத்தல்) எரர். வரம்பை உயர்த்திவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள், ப்ராசஸே விழுந்துவிடக்கூடும். பிறர் எழுதித் தந்திருக்கும் நல்ல லைப்ரரிகள் இதை வாசலிலேயே தடுக்கின்றன. பிஎச்பியின் ஜேசன் டீகோடர் 512 அடுக்கோடு நிறுத்திக்கொள்ளும். ஜாவாவின் ஜாக்சன் 2.15 பதிப்பிலிருந்து 1000 அடுக்குக்கு மேல் ஏற்பதில்லை. கையால்தான் எழுதுவேன் என்றால், ரிகர்ஷனை விட்டுவிட்டு, அடுத்துப் பார்க்க வேண்டியதை ஒரு லிஸ்ட்டில் அடுக்கி லூப்பில் எடுங்கள். ஆழத்தையும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

அப்புறம் வட்டம். ஜேசனில் வட்டம் வராது, மெமரியில் இருக்கும் ஆப்ஜெக்டில் வரும்: ஆர்டருக்குள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்குள் அதே ஆர்டர். உள்ளடுக்கு வரை இறங்கி நகலெடுக்கும் பைதானின் டீப்காபி, ஏற்கெனவே பார்த்ததை ஒரு மெமோவில் குறித்துக்கொள்வதால் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரக்சர்டு குளோனும் வட்டத்தைச் சமாளிக்கும். ஜேசனாக்கித் திரும்ப எடுக்கும் பழைய குறுக்குவழியில் வட்டம் வந்தால் எரர். தேதிகளோ வெறும் எழுத்தாக மாறிவிடும்.

லைப்ரரி என்றாலே பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான லோடாஷின் டிஃபால்ட்ஸ்டீப் ஃபங்ஷன் உள்ளே இறங்கி இணைக்கும்போது, 'கன்ஸ்ட்ரக்டர்' என்ற பெயரில் வந்த கீயையும் நம்பி, எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் பொதுவான மூல அச்சான ப்ரோட்டோடைப்பையே மாற்ற விட்டது. 2019-இல் 4.17.12 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். இன்னும் பழைய பதிப்பு எத்தனை ப்ராஜெக்ட்டுகளில், எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் (lock) ஃபைலில் தூங்குகிறதோ! உங்களுடையதை இன்றே திறந்து பாருங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். லிஸ்ட்டைச் சேர்த்துத் திருத்தினோம். சில வாரத்தில் இன்னொன்று தெரிந்தது: ஒரு ஃபீல்டின் மதிப்பு ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத் தொடர்), அந்த ஸ்ட்ரிங்கே ஒரு முழு ஜேசன். எந்த லைப்ரரியும் அதை ஸ்ட்ரிங் என்றுதான் பார்க்கும். அன்றைக்கு அணுகுமுறையையே திருப்பிப் போட்டோம். எதை மறைப்பது என்ற பட்டியல் போய், எதை எழுதலாம் என்ற பட்டியல் வந்தது. இப்போது லாக்கில் ஒன்பது ஃபீல்டுகள் மட்டும்தான் போகின்றன.