சீன வாக்கி டாக்கியும் ஹாம் உரிமமும்: இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பாவ்ஃபெங் யு.வி. 5ஆர் போன்ற சீன ஹேண்டி செட்டுகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசும் ஹாம் பழக நினைக்கும் பலருக்கும் இதுதான் முதல் செட். இதை வைத்திருப்பது குற்றமா என்று கேட்டால், செட்டின் பெயரைப் பார்த்து யாரும் பதில் சொல்ல முடியாது. வைத்திருப்பவரிடம் உரிமம் இருக்கிறதா, செட் எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது, எந்த அதிர்வெண்ணில் பேசுகிறார் என்று பார்த்த பிறகே சொல்ல முடியும்.

முதலில் கைவசம் வைத்திருப்பது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், பிரிவு 3, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருக்கவே கூடாது என்கிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவியை வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே, "நான் பேசவே இல்லை, கேட்க மட்டும்தான் வைத்திருக்கிறேன்" என்ற வாதம் நிற்காது. அலைபரப்பும் திறன் செட்டில் இருந்தாலே போதும். 1933 சட்டத்தில், உரிமமின்றி டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. செட் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தேர்வு எழுதலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். தேர்வு முதலில், உரிமம் அடுத்து, செட் கடைசியில். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

உரிமம் கிடைப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. 12 வயது நிரம்பியிருந்தால் போதும். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டெட், ஜெனரல் என இரண்டு நிலைகள். ரெஸ்ட்ரிக்டெட் தேர்வில் ரேடியோ அடிப்படைகள் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் எடுக்க வேண்டும். மோர்ஸ் எனும் தந்திக் குறியீடு தேவையில்லை, அது ஜெனரல் நிலைக்கு மட்டும், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், வாழ்நாளுக்கு 2000 ரூபாய். ரெஸ்ட்ரிக்டெட் நிலைக்கு வி.யு.3 என்றும், ஜெனரல் நிலைக்கு வி.யு.2 என்றும் தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது பேசும்போது சொல்லும் அடையாளப் பெயர், கிடைக்கும். கையில் பிடிக்கும் 5 வாட் செட்டுக்கு ரெஸ்ட்ரிக்டெட் உரிமமே தாராளம்.

"லைசன்ஸே வேண்டாத வாக்கி டாக்கி இருக்கிறதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் குறைந்த சக்திக் கருவிகளுக்கான விலக்கு விதிகளில், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் சிறு செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தச் செட்டுக்கு இ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதல் கட்டாயம். விலக்கு அந்தக் குறைந்த சக்திக் கருவிக்கானது. யு.வி. 5ஆரில் 446.100 என்று தட்டிவிட்டு 5 வாட்டில் பேசிவிட்டு, இது இலவச பேண்டுதானே என்று சொல்ல முடியாது. பலர் இதில் ஏமாறுகிறார்கள். கடைக்காரர்களும் இதைச் சொல்லியே விற்கிறார்கள்.

வாங்கும்போது ஆவணம் முக்கியம். உரிமம் தேவைப்படும் பேண்டுகளில் இயங்கும் செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி உரிமம் வேண்டும். ஹாம் உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பார்சல் தானாகச் சுங்கத்தைத் தாண்டாது. முதலில் இறக்குமதி உரிமம், பிறகு ஆர்டர். உள்ளூர்க் கடையில் வாங்கினால், அந்தக் கடைக்காரரிடம் டீலர் பொசெஷன் லைசன்ஸ், அதாவது செட்டுகளை வைத்து விற்பதற்கான உரிமம், இருக்க வேண்டும். பில்லில் மாடல், வரிசை எண், உங்கள் அழைப்புக்குறி மூன்றையும் எழுதி வாங்குங்கள். பழைய செட் என்றால், விற்பவரும் உரிமம் பெற்ற ஹாமாக இருந்து, அவர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதமும் வேண்டும். இணையக் கடையில் பட்டியலிடப்பட்டிருப்பதே சட்டப்பூர்வத்துக்கு அடையாளம் என்று எண்ண வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது, வாக்கி டாக்கி விற்பனைக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளும் கொண்டுவந்தது. அதிர்வெண்ணும் ஒப்புதல் விவரமும் இல்லாத பட்டியலைக் கண்டால் தள்ளிப் போங்கள்.

இனி அதிர்வெண். சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். இந்தியாவில் ஹாம்களுக்கு 2 மீட்டர் பேண்டில் 144 முதல் 146 வரையும், 70 செ.மீ. பேண்டில் 434 முதல் 438 வரையும்தான் அனுமதி. ஆக மொத்தம் 6 மெகாஹெர்ட்ஸ். செட்டோ 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 வரையும் வாய் திறக்கும்; 158 மெகாஹெர்ட்ஸ். நடுவில் கப்பல்களின் அவசர அழைப்புக்கான 156.800 இருக்கிறது, ரயில்வே, காவல்துறை, தனியார் நிறுவனங்களின் அலைவரிசைகள் எல்லாம் இருக்கின்றன. செட் உங்களைத் தடுக்காது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 147இலோ 440இலோ பேசுவதும் தவறு. அவர்களுக்கு 144 முதல் 148, 420 முதல் 450 என்று அகலமான பேண்டுகள், நமக்கு அப்படி இல்லை.

அதனால் செட்டுக்கு வேலி போடுவதுதான் முதல் வேலை. கணினியிலிருந்து செட்டின் சேனல்களை எழுத உதவும் சிர்ப் என்ற இலவச மென்பொருளும் ஒரு யு.எஸ்.பி. புரோகிராமிங் கேபிளும் போதும். முதலில் செட்டில் இருப்பதை அப்படியே கணினிக்கு இறக்கி, தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஏதாவது கெட்டால் திரும்ப ஏற்ற அது வேண்டும். கேபிளைக் கணினி அடையாளம் காணவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் போலி சிப்பை விண்டோஸின் புது டிரைவர் ஏற்காததுதான் காரணம். பழைய டிரைவரைப் போட்டால் சரியாகும். பிறகு தொழிற்சாலையிலிருந்தே பதிந்து வரும் சேனல்களை எல்லாம் அழியுங்கள். நம் பேண்டுக்குள் இருப்பவற்றை மட்டும் புதிதாக எழுதுங்கள். கேட்க மட்டும் வைத்திருக்கும் சேனலில் டூப்ளெக்ஸ் கட்டத்தை 'ஆஃப்' என்று வைத்தால், பொத்தானை அழுத்தினாலும் அலை போகாது. முடிந்ததும், அதிர்வெண்ணை நேராகத் தட்டும் வி.எஃப்.ஓ. முறைப் பக்கம் போகாமல், எம்.ஆர். பொத்தான் வழியாகச் சேனல் முறையிலேயே வைத்திருங்கள்.

ரிப்பீட்டர் என்பது ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை இன்னொன்றில் திரும்பப் பரப்பும் நிலையம். அதற்கான சேனல் எழுதும்போது ஒரு குறி தவறினாலே எல்லை தாண்டிவிடும். ரிப்பீட்டர் 145.700இல் பேசுகிறது, 600 கிலோஹெர்ட்ஸ் கீழே கேட்கிறது என்று வையுங்கள். யு.வி. 5ஆரின் மெனு 25இல் கழித்தல் குறியும், மெனு 26இல் 000.600உம் இருக்க வேண்டும். நீங்கள் அழுத்தும்போது திரையில் 145.100 தெரியும். கழித்தலுக்குப் பதில் கூட்டல் விழுந்தால் 146.300இல் போகும். அது நம் பேண்டே இல்லை. புதுச் சேனல் எழுதியதும் ஒருமுறை அழுத்தி, திரையில் வரும் எண்ணைப் பாருங்கள்.

மெனு 7இல் இருக்கும் டி.டி.ஆர். இன்னொரு பொறி. அது இயங்கும்போது செட் மேல் வரி, கீழ் வரி இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். கீழ் வரியில் சத்தம் வந்து நின்றதும் பொத்தானை அழுத்தினால், அலை கீழ் வரியின் அதிர்வெண்ணிலேயே போய்விடும். நீங்கள் மேல் வரியில் நண்பருக்குப் பதில் சொல்வதாக நினைத்திருப்பீர்கள். அதை அணைத்து வையுங்கள்.

மலிவு செட்டுகளின் உண்மையான குறை வெளிப்பாட்டின் சுத்தம். சரியான அதிர்வெண்ணில் பேசினாலும், அதன் மடங்குகளிலும் கொஞ்சம் அலை கசியும். 145இல் பேசினால் இரண்டாம் மடங்கு 290இல் விழும். அது ராணுவ விமானத் தொடர்பு பயன்படுத்தும் பகுதி. சர்வதேச வரம்புப்படி 5 வாட் செட்டில் இந்தக் கசிவு முதன்மை அலையைவிட 50 டெசிபல் குறைவாக, அதாவது 50 மைக்ரோவாட்டுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இந்தச் செட்டுகளில் சில இதில் தேறுகின்றன, சில தேறுவதில்லை. ஒரே மாடலிலும் செட்டுக்குச் செட் மாறுகிறது. உங்கள் ஊர் ஹாம் கிளப்பில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருந்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். வரம்பு தாண்டினால், மேல் மடங்குகளைத் தடுக்கும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போடாமல் மொட்டைமாடி ஆன்டெனாவில் இணைக்காதீர்கள். செட்டோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைவிட உயரத்தில் இருக்கும் ஆன்டெனா அந்தக் கசிவையும் வெகுதூரம் கொண்டுபோகும். பவர் ஆம்ப்ளிஃபயர் மாட்டினால் கசிவும் சேர்ந்தே பெருகும்.

பேசும்போது தொடக்கத்திலும் முடிவிலும் அழைப்புக்குறி சொல்ல வேண்டும். வியாபாரப் பேச்சு, பாட்டு ஒலிபரப்பு, மறைகுறியாக்கம் எதுவும் கூடாது. கல்யாண மண்டபத்தில் சமையல்காரருக்கும் வாசலில் நிற்பவருக்கும் ஆளுக்கொரு செட் கொடுப்பது, உரிமம் உங்களிடம் இருந்தாலும் சட்டமீறல்தான். அவர்களுக்கு ஒப்புதல் பெற்ற 446 செட்டுகளே வழி. வெள்ளம், புயல் நேரத்தில் ஹாம்கள் செய்தி கடத்தி உதவலாம்; அப்போதும் செட்டை இயக்குபவர் உரிமம் பெற்றவராகவே இருக்க வேண்டும்.

பயணத்தில் செட்டோடு உரிமத்தின் நகலும் வாங்கிய பில்லும் இருக்கட்டும். முகவரி மாறினால் உரிமத்திலும் மாற்றிக்கொள்ளுங்கள். செட் வேண்டாம் என்றானால் உரிமம் உள்ள இன்னொரு ஹாமுக்கு, கடிதம் எழுதி, வரிசை எண் குறித்துக் கொடுங்கள்.