முதல் வகுப்பில் ஒரு வாரம்: நோட்டில் தெரியாத கற்றல்

முதல் வகுப்பு ஆசிரியையாக வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் அதிகம் கேட்கும் கேள்வி, "இந்த வாரம் நோட்டில் இரண்டு பக்கம்தானே இருக்கிறது, வகுப்பில் என்ன நடந்தது?" என்பதுதான். அக்கறையிலிருந்து வரும் கேள்வி என்பதால் அதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தையின் கற்றலில் பெரும்பகுதி வாயாலும் காதாலும் கையாலும் நடக்கிறது. எழுதுவது அதன் கடைசிப் படி. அந்த வரிசையைத் தலைகீழாக்கி முதல் நாளே பக்கம் பக்கமாக எழுத வைத்தால், பார்த்து வரையும் பழக்கம் வருமே தவிர வாசிப்பு வராது.

திங்கட்கிழமையின் முதல் பாடவேளையைப் பேச்சுக்கே ஒதுக்குகிறேன். விடுமுறையில் நடந்த ஒன்றை 'முதலில்', 'பிறகு', 'கடைசியில்' என்று வரிசைப்படுத்திச் சொல்லப் பழகும் குழந்தைக்குப் பின்னாளில் பத்தி எழுதுவது எளிதாகிறது. அதன் பிறகே புதிய எழுத்துகளுக்குப் போகிறோம். வளைவுகளும் சுழிகளும் நிறைந்த 'அ', 'ஆ' ஆகியவற்றில் தொடங்காமல், நேர்கோடுகளால் ஆன 'ட', 'ப' ஆகியவற்றை முதலில் எடுத்து, அவற்றுடன் 'ம' வையும் சேர்ப்பதைக் கண்டு சில பெற்றோர் வியக்கிறார்கள். இந்த மூன்று எழுத்துகளும் புள்ளியும் தெரிந்துவிட்டால் 'படம்', 'பட்டம்', 'மட்டம்' ஆகியவற்றைக் குழந்தை அந்த வாரத்திலேயே தானாக வாசித்துவிடும். பொருள் தெரிந்த ஒரு சொல்லைத் தானே வாசித்துவிட்ட மகிழ்ச்சியை எத்தனை முறை அகர வரிசையை ஒப்பித்தாலும் தர முடியாது.

அடுத்த இரண்டு நாள்களும் ஒலி விளையாட்டுகளுக்கு உரியவை. 'படம்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் என்ன வரும் என்று கேட்டால், 'தடம்', 'இடம்', 'குடம்', 'வடம்' என்று வகுப்பே அடுக்குகிறது. எழுதப்படாத இந்த வேலைதான் வாசிப்பின் அடித்தளம். தமிழ் எழுத்தில் குழந்தைகள் உண்மையில் தடுமாறும் இடம் கொம்புகள் வரும் உயிர்மெய்கள்தாம். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' வில் மெய்க்கு இருபுறமும் குறிகள் நிற்கின்றன. இடமிருந்து வலமாக வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இது பெரிய முரண். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் குழந்தைகூட 'கெண்டை' என்ற சொல்லின் முன் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே கொம்பு வரும் எழுத்துகளுக்கு நான் கூடுதல் வாரங்கள் தருகிறேன். அதை மந்தம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

கணக்கிலும் இதே நிலைதான். 100 வரை ஒப்பிக்கும் குழந்தையின் முன் இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொத்தான்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பினால், 'இதில்தான் அதிகம்' என்று நீண்ட வரிசையைக் காட்டக்கூடும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த இந்த நிலையிலிருந்து குழந்தைகள் ஏறக்குறைய ஆறு, ஏழு வயதில் வெளிவருகிறார்கள். 'இருபத்து மூன்று' என்றதும் 203 என்று எழுதுவதும் பரவலாகக் காணப்படும் பிழை. இருபதையும் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, கேட்டபடியே எழுதிவிடுகிறார்கள். சிவப்பு மையால் அதை அடிப்பதால் பயனில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, இரண்டு கட்டுகளும் மூன்று உதிரிகளும் எடுத்து வைக்கும் வேலையைச் சில நாள்கள் செய்தால், இடமதிப்பு கையின் வழியாகப் புரியத் தொடங்குகிறது.

எழுத்து வேலையைக் குறைத்தே தருவதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிள்ளைப் பருவத்தில் படிப்படியாகத்தான் குருத்தெலும்பிலிருந்து எலும்பாக மாறுகின்றன. ஆறு வயதில் அந்த வளர்ச்சி முடிந்திருக்காது. களிமண் உருட்டுதல், காகிதம் கிழித்து ஒட்டுதல், மணி கோத்தல் ஆகியவை பொழுதுபோக்கு அல்ல; பென்சிலைப் பிடிக்கும் விரல்களை அவை வலுப்படுத்துகின்றன.

வெள்ளிக்கிழமை புதிதாக எதையும் தொடங்குவதில்லை. கற்றது முதல் சில நாள்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட தம் ஆய்வில் காட்டினார். எனவே திங்களன்று அறிமுகமான எழுத்து புதனன்று விளையாட்டாகவும், வெள்ளியன்று கதைக்குள் ஒரு சொல்லாகவும் திரும்பி வருகிறது. தேர்வு வைக்காமல், யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அடுத்த திங்களின் பாடம் அந்தக் குறிப்புகளிலிருந்தே உருவாகிறது.

வார இறுதியில் வீட்டில் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டினால் போதும். கூடுதல் எழுத்து வேலை தேவையில்லை. 3, 7 போன்றவற்றை இடவலம் மாற்றி எழுதுவது இந்த வயதில் இயல்பு என்பதால் அதற்காகக் கண்டிக்க வேண்டாம். ஆனால் குழந்தை கரும்பலகையைக் கண்களைச் சுருக்கிப் பார்த்தாலோ, அழைத்தால் அடிக்கடி திரும்பாமல் இருந்தாலோ, ஆண்டு முடியும்போதும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வாசிக்க இயலாமல் போனாலோ, கவனக்குறைவு என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்வையையும் செவித்திறனையும் மருத்துவரிடம் சோதித்துவிட்டு, சோதனை முடிவுடன் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள்.