வற்புறுத்தினால் யார் இசைவார்கள்?

பேசி ஒருவரை மனம் ஒப்பச் செய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பெர்சுவேஷன்’ என்பதை ‘வற்புறுத்தல்’ என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியவில்லை. அண்மையில் ஒரு பயிற்சிக் கையேட்டில், ‘மேலாளருக்கு வற்புறுத்தும் திறன் தேவை’ என்று படித்தேன். கடன் வசூலிக்கப் போகிறவர்களுக்கான கையேடோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

மூலம் இலத்தீன் ‘பெர்சுவாதேரே’. ‘சுவாதேரே’ என்றால் எடுத்துச் சொல்லுதல். ஆங்கில ‘ஸ்வீட்’டும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இனிப்புக்கு உறவான சொல்லின் கையில் தடியைக் கொடுத்துவிட்டோம்.

தமிழாசிரிய நண்பர் ஒருவர் மறுத்தார்: “சங்கப் பாடல்களின் துறைக்குறிப்புகளில், அதாவது யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று கூறும் குறிப்புகளில், ‘தோழி வற்புறீஇயது’ என்று வருகிறதே!” வருகிறது. பிரிவால் கலங்கிய தலைவியின் நெஞ்சைத் திடப்படுத்தினாள் என்பது அங்கே பொருள். வற்பு என்றால் உறுதி. ஆனால் இன்று ‘வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று செய்தி படிப்பவருக்குத் தோழியா நினைவுக்கு வருவாள்? அடுத்து வரவேண்டியது காவல் நிலையம்.

பொருள் பிசகியது மட்டும் என்றால் விட்டுவிடலாம். உளவியலில் பேசி ஒப்பவைப்பதும் நெருக்கிப் பணியவைப்பதும் எதிரெதிர். நெருக்கினால் மனம் முரண்டு பிடிக்கும் என்பதை 1966-இல் உளவியலாளர் ஜாக் பிரெம் கோட்பாடாகவே எழுதினார். 1970களில் அமெரிக்காவின் மயாமியில் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தடை செய்தார்கள். தடையில்லாத டாம்பா நகரத்துப் பெண்களைவிட மயாமிப் பெண்களே அந்தத் தூளை உயர்வாக மதிப்பிட்டார்கள். விவாதத்திலும் இதுதான் நடக்கிறது. குரலை உயர்த்தினால் எதிராளி தன் கட்சியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். ஆக, காரியத்தைக் கெடுப்பதன் பெயரையே காரியத்துக்கு வைத்திருக்கிறோம்.

‘இணங்கவைத்தல்’ பரவாயில்லை, ஆனாலும் போதாது. உள்ளே ஒப்பாமல் வெளியே தலையாட்டுவதும் இணக்கம்தான். உளவியலாளர் ஹெர்பர்ட் கெல்மன் 1958-லேயே இதையும் மனமார ஏற்பதையும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டினார்.

என் தேர்வு ‘இசைவித்தல்’. பேச்சுக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் ‘இசையவைத்தல்’. ‘அப்பாவிடம் பேசி இசையவைத்தாள்’ என்று எழுதிப் பாருங்கள், அதில் மிரட்டல் இல்லை. புதுச்சொல்லும் இல்லை, அகராதியிலேயே கிடக்கிறது. முதலில் கண்ணில் பட்ட சொல்லோடு அகராதியை மூடிவிடும் மொழிபெயர்ப்பாளருக்கு அது எட்டாது.

கையேட்டாளர்களுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ‘அச்சாகிவிட்டது, மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்’ என்று பதில் வந்தது. அங்கே மட்டும் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தார்கள்.