ஈர விறகு ஏன் எரிய மறுக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் முகாம் போடும் சாரணப் பிள்ளைகளுக்கு மழை புதிதல்ல. நண்பகல்வரை வெயில் கொளுத்தும். சாயங்காலத்துக்குள் இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். மழை விட்டதும் சமையல் அணி பால்மரங்களுக்கிடையே, அதாவது ரப்பர் மரங்களுக்கிடையே, விறகு பொறுக்கப் போகும். பிறகு நடப்பது முகாமுக்குப் போன எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி காலியாகும், கண் எரியும், புகை மட்டும் வரும். உடனே யாராவது மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார்கள். அந்தப் போத்தல் தேவையே இல்லை. விறகுக்குள் நடப்பது என்னவென்று புரிந்துகொண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையால், மழை விட்ட அரை மணி நேரத்தில் உலை வைக்க முடியும்.

மரக்கட்டை அப்படியே தீப்பிடிப்பதில்லை. சூடு ஏற ஏற அதிலுள்ள செல்லுலோசும் லிக்னினும் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகின்றன. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியசில் இது வேகம் பிடிக்கிறது. அந்த வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதுதான் நாம் பார்க்கும் சுவாலை. எரியும் கட்டையை உற்றுப் பாருங்கள்: சுவாலை மரத்தை ஒட்டிக்கொண்டிருக்காது, நூலளவு இடைவெளி விட்டு மேலே ஆடும். அந்த இடைவெளியில் இருப்பது, இன்னும் எரியாத வாயு. வாயு தீர்ந்தபின் எஞ்சும் கரி, சுவாலையில்லாமல் சிவந்து கனலும்.

இதில் தண்ணீர் எங்கே குறுக்கிடுகிறது? 30 டிகிரியில் உள்ள 1 கிலோ நீரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,550 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1 கிலோ காய்ந்த மரம் எரிந்தால் கிடைப்பதோ சுமார் 18,000 கிலோஜூல். ஆக, எடையில் பாதி நீராக இருக்கும் பச்சை மரத்தில்கூட, கணக்குப்படி வெப்பம் மிஞ்சத்தான் வேண்டும். ஆனாலும் அது எரிவதில்லை. காரணம், வெப்பத்தின் அளவில் அல்ல, வெப்பநிலையில் இருக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை சோறு கருகாது, வற்றியதும்தான் அடிப்பிடிக்கும். ஈர மரமும் இப்படித்தான். நீர் இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்ட மறுக்கிறது. வாயு பிறக்கவோ 250 டிகிரிக்கு மேல் வேண்டும். தீக்குச்சி தரும் சின்னச் சூடு, இந்த 100 டிகிரி வாசலிலேயே செலவாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெளியேறும் நீராவி கொஞ்சநஞ்ச வாயுவையும் நீர்த்துப்போகச் செய்கிறது. கண்ணைக் கரிக்கும் அந்த வெண்புகை, எரிய வாய்ப்புக் கிடைக்காமல் தப்பிப் போகும் எரிபொருள்.

இனி நல்ல செய்தி. ஒரு பிற்பகல் மழை, காய்ந்த கட்டையின் மேற்பரப்பைத்தான் நனைக்கிறது. திடமான மரத்துக்குள் நீர் ஊற நாள்கணக்கில் ஆகும். எனவே முதல் திறமை, எதை எடுப்பது என்று தெரிவது. பால்மரக் கட்டையில் மாவுச்சத்து அதிகம்; தரையில் விழுந்துவிட்டால் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் விரைவிலேயே புகுந்துவிடும். பஞ்சுபோல் ஆன அந்தக் கட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே தரையில் கிடப்பதை விட்டுவிடுங்கள். ஒடிந்து மரத்திலேயே தொங்கும் பட்ட கிளையை, வேறு மரத்தில் சாய்ந்து நிற்கும் கொம்பைத் தேடுங்கள். வளைத்தால் 'படக்'கென்று முறிய வேண்டும். வளைந்து நார் நாராகக் கிழிந்தால் அது பச்சை. முறிந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இரண்டாவது திறமை பிளப்பது. கைத்தடி பருமனுள்ள கட்டையை ஓர் அடிமரத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தி, பாராங் எனும் நீள வெட்டுக்கத்தியின் வாயை அதன் தலையில் வைத்து, இன்னொரு கட்டையால் பாராங்கின் முதுகில் தட்ட வேண்டும். பாராங்கை ஓங்கி வீசக் கூடாது. அதன் வீச்சுக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. பக்கத்தில் பயிற்றுநர் இருக்க வேண்டும். நாலைந்து தட்டில் கட்டை விரியும். வெளியே கறுத்து நனைந்த பட்டை. உள்ளே வெளிர் மஞ்சளாக, தொட்டால் சொரசொரவென்று உலர்ந்த மரம். முகாமில் நான் சொல்லிக்கொடுக்க விரும்பும் பாடம் ஒன்றே ஒன்று என்றால், அது இதுதான்.

பிளந்ததை மேலும் மேலும் மெலிதாக்குங்கள். 4 சென்டிமீட்டர் குச்சியை 1 சென்டிமீட்டர் குச்சிகளாக்கினால், அதே எடைக்கு நான்கு மடங்கு மேற்பரப்பு கிடைக்கும். வெப்பம் நடுப்பகுதியை எட்டும் நேரமோ தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. கால்பங்கு தடிமனுக்குப் பதினாறில் ஒரு பங்கு நேரம் போதும். தீக்குச்சி அளவுக்குச் சீவிய சிராய் உடனே பற்றிக்கொள்வதன் ரகசியம் இதுவே.

தோட்டத்துப் பெரியவர்கள் அடுப்புப் பற்றவைக்க ஒட்டுப்பாலை, அதாவது உறைந்து காய்ந்த ரப்பர் பாலை, பயன்படுத்தியதும் அறிவியலுக்குப் பொருந்துகிறது. ரப்பர், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சங்கிலி. அது நீரோடு ஒட்டாது. எடைக்கு எடை மரத்தைவிட இரு மடங்குக்கும் அதிகமான வெப்பம் தரும். காய்ந்த ஒட்டுப்பாலில் நகத்தளவு துண்டு போதும், ஈரச் சிராயையும் 100 டிகிரி வாசலைத் தாண்ட வைத்துவிடும். ஆனால் அதன் கரும்புகையைச் சுவாசிக்கக் கூடாது. அது எரிந்து முடிந்த பிறகே சட்டியை ஏற்ற வேண்டும். ஒட்டுப்பால் விலைபோகும் பொருள் என்பதால், பாலுக்காக மரம் சீவுபவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது விளங்கும். கட்டையின்மேல் எரிவது எண்ணெயின் ஆவி. அது தீர்ந்ததும், உள்ளே 100 டிகிரியைக்கூட எட்டாத கட்டை அப்படியே கிடக்கும். உடனே இன்னும் ஊற்றத் தோன்றும். சூடான கட்டையில் ஊற்றும்போது ஆவி குபீரென்று பற்றிக் கையைச் சுடும். பெட்ரோலை நினைத்தும் பார்க்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிக் காலடியிலேயே தீப்பிடிக்கும்.

நனைந்த தரைமேல் நேரே தீ மூட்டினால், மண்ணின் ஈரம் வெப்பத்தைத் தின்றுவிடும். விரல் பருமனுள்ள குச்சிகளை நெருக்கமாக அடுக்கி மேடையாக்கி, அதன்மேல் சிராயை வையுங்கள். பற்றியதும் கட்டைகளை விரல் இடைவெளியில் எதிரெதிராக வையுங்கள். தனிக் கட்டை தன் சூட்டை வெளியில் வீசி அணைந்துவிடும்; இரண்டு இருந்தால் ஒன்றின் கதிர்வீச்சை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். அடுத்து எரிய வேண்டிய ஈர விறகைப் பக்கத்திலேயே அடுக்கிவைத்தால், அது தானாக உலரும்.

கோல லங்காட் போன்ற சதுப்பு நிலக் கரிமண் பகுதிகளில் தரையில் தீ மூட்டவே கூடாது. அந்த மண்ணே எரிபொருள். நிலத்தடியில் வாரக்கணக்கில் கனன்றபடி இருக்கும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. புகைமூட்டக் காலத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். ஆகவே தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். குளிருக்காகக் கனலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை; தூங்குபவர் விழிக்காமலே போகலாம்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். பின் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி ஊற்ற வேண்டும்.